சம்பந்தி கொடுத்த டயர்

மகளைப் பார்க்கப் போகிறேன் என்று என் மச்சான் குப்பண்ணன் வாயைத் திறந்து சொன்னதை நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன். அதையும் அவர் வீட்டில் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. வேலந்தாவளம் செக்போஸ்டில் நின்ற ஒரு மலையாளப் போலீஸ்காரரிடம் சொன்னார். பெற்ற மகளைப் பார்க்கப் போவதைப் போலீஸிடம் ஒப்புக்கொள்ளும் ஆளை நீங்கள் எங்காவது கண்டதுண்டா? எனக்கு வாய்த்த மச்சான் அப்படி.

அவர் என் அக்காள் கமலாத்தாளின் வீட்டுக்காரர். கேரளத்தில், பாலக்காடு ஜில்லாவில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே அவர் தோட்டம். ஒரு வரப்பைத் தாண்டினால் என் தோட்டம். இரண்டு பேருக்கும் கடலைப் பண்ணையம்தான். ஆனால் அவரிடம் ஒரு லாரி இருந்தது. யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது யாரோ எடுத்து, ஓட்டி, அலுத்து, கைமாறிக் கைமாறிக் கடைசியில் இவரிடம் வந்து சேர்ந்த, எஞ்சின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கு லாரி. அதற்கு என்ன வயது என்று அதற்கே தெரியாது. ஊரில் புது லாரிகள் வந்துவிட்ட காலத்திலும் அது கடலை மூட்டையும் குளத்து வண்டலும் சுமந்துகொண்டு முக்கி முனகி ஓடிக்கொண்டிருந்தது.

அந்த லாரியில் அவர் எதை வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்வார். கதவு கயிற்றால் கட்டியிருக்கும். ஹாரன் சளி பிடித்த மாதிரி கத்தும். டயர் விஷயத்தில் மட்டும் மனுஷன் யமன். தேய்ந்த டயருக்கு மேலே புது ரப்பர் ஒட்டி ரிட்டிரேட் போட்டதை முன்னால் மாட்ட விடமாட்டார். பின்னால் ஒரு பக்கத்துக்கு இரண்டு டயர் சேர்ந்து ஓடுமில்லையா, அதில் ஒன்று புதுசு, ஒன்று தேய்ந்தது என்று கலந்து போடவும் விடமாட்டார். "சோடி சேராத மாட்டை ஒரே நொகத்துல பூட்டுவயா மாப்ளே? ஒண்ணு இழுக்கும், இன்னொண்ணு சும்மா கூட நடக்கும். இழுக்கறது சீக்கிரம் செத்துப்போகும்" என்பார். காலையில் வண்டியை எடுக்கும் முன் ஒவ்வொரு டயரையும் சுற்றி வந்து உள்ளங்கையால் தடவுவார். கல் குத்தியிருந்தால் நெம்பி எடுப்பார். என் அக்காளின் கையை அப்படி ஒருநாள் தடவிக் கொடுத்திருப்பாரா என்று நான் கேட்கவில்லை, கேட்டால் அடி விழும்.

அந்த வண்டிக்கு டயர் சைஸ் ஏழரைக்கு இருபது. எங்கள் ஊர் வாயாடிகள் விடுவார்களா? "குப்பண்ணனுக்கு ஏழரைச் சனி லாரி ரூபத்துல வந்திருக்குதுங்க" என்று டீக்கடையில் சிரிப்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

அவருக்கு ஒரே மகள், பூவாத்தாள். ஆனைகட்டிக்கு அந்தப் பக்கம் அட்டப்பாடியில் தோட்டம் வைத்திருந்த காளிச்சாமி வீட்டுக்குக் கட்டிக் கொடுத்தார். நல்ல குடும்பம், குறை சொல்ல ஒன்றுமில்லை. தூரம்தான் குறை. எங்கள் ஜில்லாவிலிருந்து எங்கள் ஜில்லாவுக்கே போக, வேலந்தாவளத்தில் தமிழ்நாட்டுக்குள் இறங்கி, கோயமுத்தூரைச் சுற்றி, மாங்கரையில் மலை ஏறி, ஆனைகட்டியில் மறுபடி கேரளத்துக்குள் நுழைய வேண்டும். கல்யாணம் முடிந்து அவளைக் கொண்டு போய் விட்டதும் இதே லாரியில்தான். அவள் பின்னால் சீர்ச் சாமான்களோடும் பொம்பளைகளோடும் இருந்தாள். இவர் முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி இருந்தார். வழியில் அழுதாளா என்பதைக்கூட வீடு திரும்பிய பிறகு என் அக்காளிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. கட்டிக் கொடுத்த வீட்டில் ஒரு குழந்தை பிறக்கும்வரை, பெண்ணைப் பெற்றவன் காரணமில்லாமல் போய் உட்காரக் கூடாது. போனால், "என்ன, மகளை விட்டுட்டு இருக்க முடியலையா?" என்று சம்பந்தி வீட்டில் சிரித்துவிடுவார்கள் என்ற பயம். மற்றவர்கள் நல்ல நாள், கெட்ட நாள் என்று ஏதாவது சாக்குச் சொல்லிப் போய் வருவார்கள். என் மச்சானுக்கு லாரிதான் சாக்கு. காளிச்சாமி தோட்டத்துக்குக் கடலைப் புண்ணாக்கு வேண்டும், விதைக் கடலை வேண்டும், வண்டல் வேண்டும். கேட்டார்களோ இல்லையோ, இவர் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். மலையில் அவ்வளவு புண்ணாக்கைத் தின்ன மாடுகள் இருந்தனவா என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம்தான்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "ஏனுங்க மச்சான், பிள்ளையப் பாக்கோணும்னா பஸ்ல போயிட்டு வர்றதுதானுங்க? எதுக்கு இந்த ஓட்டை வண்டியப் போட்டு மலைமேல தள்றீங்க?"

"பஸ்ல போனா மகளைப் பாக்கப் போறேன்னு ஊருக்கே தெரியும் மாப்ளே. லாரியில போனா, புண்ணாக்கு போகுது" என்றார்.

நானும் சில தடவை கூடப் போயிருக்கிறேன். பூவாத்தாளுக்குத் தாய்மாமன் என்ற உரிமை எனக்கு இருந்ததே. லாரி மலை ஏறி அந்த வீட்டு வாசலில் நிற்கும்போது ரேடியேட்டர் கொதித்து மூக்கில் ஆவி விட்டுக்கொண்டிருக்கும். மூட்டை இறக்கும்வரை மச்சான் சம்பந்தியோடு மழை, மாடு, கடலை விலை என்று பேசிக்கொண்டு நிற்பார். மகள் நிற்கும் பக்கம் திரும்ப மாட்டார். எல்லாம் முடிந்து கிளம்பும் நேரத்தில்தான், ஏதோ அப்போதுதான் ஞாபகம் வந்த மாதிரி, "அம்மணி, ரேடியேட்டருக்குக் கொஞ்சம் தண்ணி கொண்டா" என்று குரல் கொடுப்பார்.

அவள் ஒரு குடம் நிறைய எடுத்துக்கொண்டு ஓடி வருவாள். இவர் துண்டைச் சுற்றி மூடியைத் திறந்து, அந்தக் குடத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவார். அந்த நேரம்தான் அப்பனுக்கும் மகளுக்கும் பேச்சு.

"நல்லாத் தூங்கறயான்னு அம்மா கேட்டா."

"தூங்கறனுங்கப்பா."

"யானை கீனை வருதான்னு கேட்டா."

"தோப்புக்குள்ள வருமுங்க. ஊட்டுப் பக்கம் வராது."

"கை என்ன காய்ச்சுக் கெடக்குது?"

"அதையும் அம்மாதான் கேட்டாங்களா?" என்று அவள் சிரிப்பாள். குடம் காலியாகிவிடும். மூடியைப் போட்டுவிட்டு இவர் வண்டியில் ஏறிவிடுவார்.

அந்த ரேடியேட்டரில் கீழே ஒரு ஒழுகல் இருந்தது. ஈயம் பற்ற வைக்கிற ஆள் கொழிஞ்சாம்பாறையிலேயே கடை போட்டிருந்தார். "டயரைத் தடவித் தடவிப் பாக்கறீங்க. அந்த ஒழுகலை ஒருநா அடைச்சா என்னுங்க?" என்று நான் பலமுறை கத்தியிருக்கிறேன். "பாக்கலாம் மாப்ளே" என்பார். மூன்று வருஷம் பார்த்தார். ஒழுகல் நின்றால் குடம் வராது என்பது என் மரமண்டைக்கு ரொம்பப் பிந்தித்தான் ஏறியது.

எழுபத்து நாலில் டயருக்குத் தட்டுப்பாடு வந்தது. லாரிக்காரர்கள் எல்லோரும் டயர், டயர் என்று ஆலாய்ப் பறந்த காலம் அது. அந்த நேரம் பார்த்து மச்சானின் லாரியில் பின்பக்கத்து வலது ஜோடி இரண்டும் தேய்ந்து நூல் தெரிய ஆரம்பித்தது. அவர் பாலக்காடு போனார், பொள்ளாச்சி போனார், கோயமுத்தூரில் கடைகடையாய் ஏறி இறங்கினார். "ஏழரைக்கு இருபதா? அந்த சைஸை இப்ப யாருங்க கேக்கறாங்க?" என்பதுதான் எல்லாக் கடையிலும் பதில். தெரிந்த லாரிக்காரர்களிடம் எல்லாம் சொல்லி வைத்தார். ஒன்றும் நடக்கவில்லை.

கடலை மூட்டையைச் சந்தைக்குக் கொண்டுபோக, பக்கத்து ஊர்வரை மெதுவாக உருட்டிக்கொண்டு போவார். மலைக்கு மட்டும் போகமாட்டார். "நூல் தெரியற டயரை வெச்சுக்கிட்டு மாங்கரை மேட்டுல ஏறறவன் மனுசனா?" என்று தன்னையே திட்டிக்கொள்வார். லாரி நின்றது, அதோடு சாக்கும் நின்றது. மாதங்கள் போயின.

அந்த மாதங்களில் அவர் பட்ட பாட்டை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஆனைகட்டிப் பக்கமிருந்து யார் வந்தாலும் போய் நிற்பார். மூங்கில் லாரிக்காரர்களைக் கை காட்டி நிறுத்துவார். "ரோடு எப்படிங்க இருக்குது? அந்த ரெண்டாவது வளைவுல மண்ணு சரிஞ்சு கெடந்துதே, எடுத்துட்டாங்களா?" என்று கேட்பார். மழை கேட்பார், யானை கேட்பார், பாலத்துக் கைப்பிடிச் சுவர் கேட்பார். வந்தவர் டீயைக் குடித்து முடித்து எழும்போது, "காளிச்சாமி தோட்டத்துப் பக்கம் எல்லாம் சௌக்கியமுங்களா?" என்று வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்பார். "சௌக்கியமுங்க" என்று அவர்கள் சொல்வார்கள். அதற்கு மேல் என்ன சொல்ல முடியும்? அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு மச்சான் ஒரு வாரம் ஓட்டுவார்.

பூவாத்தாள் முழுகாமல் இருக்கிறாள் என்ற சேதி அந்தக் காலத்தில்தான் வந்தது. என் அக்காள் அழுதாள், சிரித்தாள், மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். மச்சான் எழுந்து போய் லாரியைச் சுற்றி வந்தார். தேய்ந்த டயரைத் தொட்டுப் பார்த்துவிட்டு அங்கேயே குத்த வைத்து உட்கார்ந்துகொண்டார். 

மாசமான பெண்ணை முதல் பிரசவத்துக்கு அழைத்து வருவதற்கு எங்களில் கட்டுச்சோறு என்ற விருந்து உண்டு. பெண்ணைப் பெற்றவர்கள் புளிச்சோறு, தயிர்ச்சோறு, எள்ளுச்சோறு என்று வகைவகையாகக் கட்டி எடுத்துக்கொண்டு, ஒரம்பரை சனம் என்கிற சொந்தபந்தத்தோடு சம்பந்தி வீட்டுக்குப் போய், எல்லோருக்கும் போட்டு, பெண்ணைக் கையோடு கூட்டி வர வேண்டும். நாள் குறித்தார்கள். காளிச்சாமி பெரிய மனசுக்காரர். மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு லாரி ஓட்டும் அவர் பங்காளி மூலம் எப்படியோ இரண்டு புது டயர் பிடித்துவிட்டார். அவற்றுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, ஆள் போட்டு, எங்கள் ஊருக்கே அனுப்பி வைத்தார். கூடவே ஒரு சொல்லும் வந்தது. "சம்பந்தி லாரியிலதான் கட்டுச்சோறு வரோணும். லாரியிலதான் எங்கூட்டுப் பிள்ளை போகோணும்."

ஊரே வந்து பார்த்தது. புது ரப்பர் வாசம் வாசல் முழுக்க அடித்தது. மச்சான் மட்டும் குனிந்து டயரின் விலாவில் அச்சடித்திருந்த எண்ணைப் படித்தார். எட்டேகாலுக்கு இருபது.

"எச்சு சைஸு மாப்ளே" என்றார் என்னிடம், தணிந்த குரலில்.

"பெரிசுன்னா நல்லதுதானுங்க?" என்றேன். நான் மட்டுமா? வண்டிச் சக்கரம் செய்கிற பெரியமுத்து ஆசாரியும் அதையேதான் சொன்னார். மாட்டு வண்டி ஓட்டிப் பழகியவர்கள் நாங்கள். சக்கரம் பெரிசானால் குழியில் விழாது, மாட்டுக்குப் பாரம் தெரியாது. லாரிக்கும் அதே கணக்குத்தானே என்று நினைத்தோம். ரிம்மிலும் அது ஏறியது. அதுதான் வம்பே. ஏறாமல் போயிருந்தால் அன்றைக்கே பேச்சு முடிந்திருக்கும்.

"ரிம்முல ஏறுமுங்க. ஆனா ரெண்டு டயருக்கு நடுவுல சந்து வேணும். இது ரெண்டும் தடிச்ச டயரு" என்றார் மச்சான்.

என் அக்காளுக்கு வந்ததே கோபம். "ஏனுங்க, மஞ்சக் குங்குமம் வெச்சு அனுப்பியிருக்காங்க. அதை ஒதுக்கி வெச்சா சம்பந்தி மூஞ்சியில எப்படி முழிக்கறது? மகளைக் கூட்டியார உங்களுக்கு மனசு இருக்குதா இல்லையா?"

மனசு இருக்கிறதா என்று அவரைப் பார்த்துக் கேட்டாள்! அவர் டயர்களை லாரிக்கு உருட்டிக்கொண்டு போனார். ஜாக்கியை எடுத்து வைத்து டயர்களை மாட்டினார். காலி வண்டியைக் கொழிஞ்சாம்பாறை வரை ஓட்டிப் போய்த் திரும்பினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, தரைக்குப் பக்கமாக, இரண்டு டயருக்கும் நடுவில் விட்டு இழுத்தார். துண்டு வந்தது. "போகுது" என்றார். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்துப் பல மாதமாகியிருந்தது.

கட்டுச்சோற்று நாள் காலையில் வாசல் முழுக்கச் சனம். கூடை கூடையாகச் சோறு கட்டி வைத்து, வாழை இலை போட்டு மூடியிருந்தது. சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு லாரி போகலாமா என்று, புண்ணாக்கு மூட்டைகளையும் அடுக்கியாயிற்று. மூட்டைகளின் மேல் ஜமுக்காளம் விரித்து ஒரம்பரை சனம் ஏறி உட்கார்ந்தது. குழந்தைகள் ஊதல் ஊதின. நல்ல நேரம் தொடங்கிவிட்டது. மச்சான் ஸ்டியரிங் முன்னால் ஏறி உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பப் போனவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"என்னுங்க மச்சான்?"

 கதவின் கயிற்றை அவிழ்த்து இறங்கினார். பின்பக்கம் போய்க் குனிந்தார். துண்டை எடுத்து டயர்களின் நடுவில் கீழே நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை. மேலே சந்து இருந்த இடத்தில் நுழைத்து, "ஒரு முழம் முன்னால தள்ளுங்க" என்றார். நாங்கள் சிலபேர் முதுகைக் கொடுத்துத் தள்ளினோம். சக்கரம் உருண்டது. துண்டு அடியில் போய் மாட்டிக்கொண்டது. அவர் இழுத்தார், நான் இழுத்தேன். பாரம் ஏறியதும் இரண்டு டயரும் விலா பிதுங்கி ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நின்றன. துண்டுதான் கிழிந்தது.

மச்சான் எழுந்து நின்றார். "எல்லாரும் எறங்குங்க" என்றார்.

"நல்ல நேரம் போகுதுங்க!" என்று கத்தினேன். "புண்ணாக்கை எறக்கிப் போடலாமுங்க. ஆளுங்க மட்டும் போலாமுங்க. மெதுவா ஓட்டுனா என்ன ஆயிரும்?"

"என்ன ஆகுமா? போகப் போக ரெண்டும் ஒரசிக்கும். ஒரசுனா சூடு ஏறும். மாங்கரை எறக்கத்துல, வளைவுக்கு வளைவு பிரேக்குப் புடிச்சுட்டு வர்றப்ப, வெடிக்கும். அப்ப பின்னால பூவாத்தா உக்காந்திருப்பா." அதுவரை சத்தமாகப் பேசியவர் குரலை இறக்கினார். "நேத்தே லோடு ஏத்திப் பாத்திருக்கோணும் மாப்ளே. எனக்குத் தெரியும். பாத்தா போக முடியாதுன்னு பயந்துக்கிட்டுப் பாக்கலை. போயிரலாம், போயிரலாம்னுதான் இன்னமும் தோணுது. அப்படித் தோணறதுதான் எனக்குப் பயமா இருக்குது."

 என் அக்காள் லாரியின் மேலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். முதலில் இறங்கியது அவள்தான். "கூடையை எறக்குங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள்.

கட்டுச்சோற்றைப் பஸ்ஸில் ஏற்றிய கூத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "இது பஸ்ஸா, ஓட்டலா?" என்று கண்டக்டர் குதித்தார். என் அக்காள் அவர் கையில் ஒரு புளிச்சோற்று உருண்டையை வைத்தாள், சத்தம் அடங்கியது. எல்லோரும் ஏறியாகிவிட்டது, மச்சானைக் காணோம். எட்டிப் பார்த்தால், மனுஷன் பஸ்ஸின் டயர்களைச் சுற்றி வந்து தடவிக்கொண்டிருக்கிறார். "ஏனுங்கண்ணா, உங்களுக்குப் புடிச்சா வண்டிய எடுக்கலாமுங்களா?" என்று டிரைவர் நக்கலாகக் கேட்டார். "எடுங்க, பரவால்ல" என்று சொல்லிவிட்டு இவர் ஏறினார். பஸ்ஸே சிரித்தது.

வேலந்தாவளம் செக்போஸ்டில் பஸ் நின்றபோது அந்தப் போலீஸ்காரர் ஜன்னலில் இவரைப் பார்த்துவிட்டார். மூன்று வருஷமாக லாரியோடே பார்த்த முகம். "ஓ, குப்பண்ணா! இன்னு லாரியில்லே? எங்கோட்டா?" என்று, எங்கே பயணம் என்பதை மலையாளத்தில் கேட்டார்.

வழக்கமாக இந்த இடத்தில் "புண்ணாக்குங்க" என்பார் மச்சான். அன்றைக்கு மடியில் புண்ணாக்கும் இல்லை, சாக்கும் இல்லை. 

"மகளைப் பாக்கப் போறனுங்க" என்றார்.

பின்னால் உட்கார்ந்திருந்த என் அக்காள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். போலீஸ்காரர், "பின்னே, போயிட்டு வா" என்று கையசைத்தார். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை.

கோயமுத்தூரில் பஸ் மாறி, மாங்கரை மேட்டில் ஏறி, ஆனைகட்டியைத் தாண்டிப் போய் இறங்கும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. நாங்கள் கூடைகளைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தோம். காளிச்சாமி வீட்டுக்குத் திரும்பும் இடத்தில் ஒரு சின்னப் பாலம் இருக்கிறது. அந்தப் பாலத்துச் சுவரில், வயிறும் தானுமாய், பூவாத்தாள் உட்கார்ந்திருந்தாள். எங்களுக்கு முதுகைக் காட்டி, லாரி வரும் பெரிய ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் பஸ் நின்ற இடத்திலிருந்து குறுக்குத் தடத்தில் வந்தது அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் ஒரு குடம் இருந்தது. குடம் நிறையத் தண்ணீர்.

மச்சான் எங்களைக் கையமர்த்திவிட்டு முன்னால் போனார். போனவர் கூப்பிடவில்லை, கொஞ்ச நேரம் அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ரோட்டில் ஏதோ ஒரு லாரிச் சத்தம் கேட்டது. அவள் சட்டென்று குடத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அது மூங்கில் லாரி, நிற்காமல் போய்விட்டது. அவள் மறுபடி உட்காரத் திரும்பும்போதுதான் அப்பனைக் கண்டாள்.

"அப்பா! லாரி எங்கீங்க?"

"லாரி வல்லை கண்ணு, பஸ்ல வந்தோம்."

"சத்தமே கேக்கலையேன்னு நான்..." என்று ஆரம்பித்தவள் குடத்தைப் பார்த்தாள். "அப்ப இந்தத் தண்ணி எதுக்குங்க?"

மச்சான் குடத்தை இரண்டு கையாலும் வாங்கினார். அண்ணாந்து குடித்தார். குடித்தார், குடித்தார், சட்டையெல்லாம் நனைய அவ்வளவு தண்ணீர் குடித்தார். குடத்தை இறக்கியபோது மூஞ்சியெல்லாம் ஈரம். அதில் எது குடத்துத் தண்ணீர், எது கண்ணீர் என்று நான் சொல்லப் போவதில்லை. நானும் அந்த நேரத்தில் நன்றாகப் பார்க்கும் நிலையில் இல்லை.

லாரியை எதிர்பார்த்து மாலையோடு நின்ற காளிச்சாமிக்கு முகம் சுருங்கிவிட்டது. "நாங் குடுத்த டயரு புடிக்கலைங்களா சம்பந்தி?" என்றார்.

"டயரு மேல ஒரு கொறையும் இல்லீங்க சம்பந்தி. தங்கமான டயரு. என்ற வண்டிக்கு அது ஆகாதுங்க. லோடு ஏத்துனா ரெண்டும் ஒண்ணையொண்ணு கவ்விக்குது. உங்க மருமகளை அதுல ஏத்த எனக்குக் கை வல்லை." கிழிந்த துண்டை எடுத்துக் காட்டினார். அதில் கறுப்பாக டயர் அச்சு இருந்தது.

காளிச்சாமி துண்டை வாங்கிப் பார்த்தார்.  அவர் கையிலிருந்த மாலையைப் பார்த்தார், இல்லாத லாரியைப் பார்த்தார். கடைசியில் மாலையைக் கொண்டு வந்து மச்சானின் கழுத்தில் போட்டார். "லாரிக்குக் கட்டுனது. கொஞ்சம் பெரிசுதான் சம்பந்தி. சைஸைப் பாத்துக்கங்க" என்றார். மாலை முழங்கால்வரை தொங்கியது. சிரிக்காதவர் யாருமில்லை.

சோறு போட்டு, நாங்களும் சாப்பிட்டு, பொழுதிருக்கவே பெண்ணோடு பஸ் ஏறினோம். பூவாத்தாளும் என் அக்காளும் முன்பக்கம் பொம்பளைகள் சீட்டில் உட்கார்ந்தார்கள். பின்னால் நிறைய இடம் இருந்தது. நான் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டேன். மச்சான் மட்டும் மகள் உட்கார்ந்திருந்த சீட்டுக்கு முன்னால், டிரைவருக்கு முதுகைக் காட்டி, மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர் மலை இறங்கியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். பூவாத்தாள் ஜன்னலில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள். ஒவ்வொரு வளைவிலும் அவர் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய், "ஏனுங்க மச்சான், அவ்வளவு சீட்டுக் காலியாக் கெடக்குது. மலையெறங்கற வரைக்கும் நின்னுட்டா வருவீங்க? வந்து உக்காருங்க" என்றேன்.

"நீ போய் உக்காரு."

"காலு என்னத்துக்கு ஆகறதுங்க?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "பின்னால உக்காந்தா அவ கொண்டைதான் தெரியுது மாப்ளே" என்றார், அவள் எழுந்துவிடாதபடி மெதுவாக. "இங்கிருந்தா மூஞ்சி தெரியுது. மூணு வருசமா இந்த ரோட்டுல ரோட்டைத்தான பாத்தேன்."

நான் என் இடத்துக்குத் திரும்பி வந்தேன். கோயமுத்தூர் வரும்வரை அவர் உட்காரவே இல்லை.